வால்வு போனது எனக்கல்ல

அன்பும் மரியாதையும் மிகுந்த அண்ணன் அவர்களுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் நலம். வழக்கமாக இந்த வரியை நான் யோசிக்காமல் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன், நீங்களும் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள். இந்தத் தடவை தயவுசெய்து நின்று நிதானமாகப் படிக்கவும். நான் நலம். என் இதயம் நலம். அதிலுள்ள கதவு, ஜன்னல், வால்வு அனைத்தும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று போனில் அண்ணி அழுத அழுகையைக் கேட்ட பிறகு அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். விட்டீர்களா? "அண்ணா, வால்வு போனது எனக்கில்ல" என்று ஆரம்பித்ததுமே, "பேசாதடா, பேசினா மூச்சு வாங்கும். டிக்கெட் போட்டுட்டேன், வர்றேன், தைரியமா இரு" என்று வைத்துவிட்டீர்கள். மறுபடி அடித்தால் அண்ணி எடுத்து, "தம்பி, நீங்க வாயே திறக்கக் கூடாது" என்று அவரும் வைத்துவிட்டார். அதற்கும் பிறகு அடித்தபோது உங்கள் மகன் எடுத்து, "சித்தப்பா, மூச்சை நல்லா உள்ள இழுங்க, இப்ப மெதுவா விடுங்க" என்று எனக்குப் பயிற்சி கொடுத்தான். நானும் பெரிய மனிதன் சொல்கிறானே என்று இழுத்து இழுத்து விட்டேன். அது போனில் எப்படிக் கேட்டிருக்கும் என்பது வைத்த பிறகுதான் உறைத்தது. ஆகவே கடிதம். மகள் இதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவாள். படித்து முடித்ததும் டிக்கெட்டை ரத்து செய்துவிடவும். அதற்காகத்தான் இத்தனையும்.

வால்வு போனது நம் பெட்டிக்கு, அண்ணா. நம் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு. இடிக்கப்போகிற நடன அரங்கிலிருந்து நாம் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வந்தோமே, அதற்கு. நீங்கள் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டு, நான் பின்னால், இடதுபுறக் கைப்பிடி உங்களிடம், வலது என்னிடம், வழி நெடுக "விட்டுடாதடா, விட்டுடாதடா" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் வாசற்படியில் நீங்கள்தான் விட்டீர்கள். என் கால் கட்டைவிரல் நகம் இன்னும் நேராக வளரவில்லை. கூடத்து மூலையில், ஜன்னலுக்குக் கீழே, அன்று இறக்கி வைத்த இடத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். இந்த வீட்டில் அதைத் தூக்க விரும்புகிறவன் ஒருவன்தான். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டர்கூடப் பெட்டியைச் சுற்றித்தான் அடித்துவிட்டுப் போனார். அதற்குப் பின்னால் கையை விட்டுத் தொட்டால் சுவர் இன்னும் நாம் சேர்ந்திருந்த காலத்துப் பச்சையாகவே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் அதைப் போடுவேன். மற்றவர்கள் அந்நேரம் என்ன செய்கிறார்களோ தெரியாது, நான் சுவிட்சைப் போட்டுவிட்டு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். போட்டவுடன் ஒன்றும் வராது, உங்களுக்குத் தெரியாததா. முதலில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு. பிறகு பின்பக்கத்துச் சல்லடை வழியாகப் பார்த்தால் கண்ணாடி வால்வுகளுக்குள் மெல்ல மெல்ல ஓர் ஆரஞ்சு நிறம் ஏறும். பிறகு சூடான தூசி வாசனை. அதற்கப்புறம் "ம்ம்ம்" என்று ஒரு முனகல். "தலைவர் எழுந்துட்டார்" என்று நீங்கள் சொல்வீர்களே, அந்த முனகல். அதுவரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும், அவசரப்படுத்த முடியாது. என் வாழ்க்கையில் காத்திருப்பதற்குக் கைமேல் பலன் கொடுத்த ஒரே பொருள் அதுதான். போன பிறந்தநாளுக்கு மகள் ஒரு புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். சாப்பாட்டுப் பையைவிட லேசு, போட்ட கணமே சத்தம் வருகிறது, சூடே ஆவதில்லை, 'பழைய வால்வு ஒலி' என்று அதற்கென்றே தனியாக ஒரு பொத்தான் வேறு. அழுத்திப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் கெடுகிறது, அவ்வளவுதான். மகள் ஆசையாகக் கொடுத்ததாயிற்றே என்று "பிரமாதம்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை.

நம் பெட்டி அப்படியா? என் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை மெதுவாகத் தட்டினால் அதுவும் மெதுவாகப் பேசும். அழுத்தித் தட்டினால் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிறகு தாராளமாக விடும். ஓரத்தில் ஒரு சின்னக் கரகரப்பு வரும், நன்றாகத் தூங்கி எழுந்தவன் பேசுகிற முதல் பேச்சு மாதிரி. காதில் கேட்பதற்கு முன்னால் தரையில் தெரிந்துவிடும். என் மனைவிக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை. "இதுல பாட்டு எங்க இருக்கு? தும்தும்னு யாரோ மாடியில நடக்கற மாதிரிதான் இருக்கு" என்பாள். பாட்டு உங்களிடம் இருந்தது, என்னிடம் நடைதான் இருந்தது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? மேடையில் நீங்கள் முன்னால் நின்று கிட்டாரை வைத்துக்கொண்டு பாடுவீர்கள், நான் பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில் பேஸ் கிட்டாரோடு நிற்பேன். ஒருநாள், "நான் பாட்டுக்கு நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்க, திரும்பியே பார்க்க மாட்டேங்கறீங்களே" என்று கேட்டதற்கு, "எதுக்குடா திரும்பணும்? நீ இருக்கறது காலுக்குத் தெரியுது" என்றீர்கள். வேறு யாரும் என்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அலுவலகத்தில் பாராட்டுக் கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போட்டேன். சிவப்பு விளக்கு வந்தது, ஆரஞ்சு ஏறியது, முனகல் வரும் வரும் என்று பார்த்தால் பெரிய வால்வு ஒன்றுக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்து, 'டப்' என்றது. அவ்வளவுதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு நம் ரேடியோக்காரருக்குப் போன் செய்தேன். இப்போது அவர் செல்போன்தான் பழுது பார்க்கிறார், கடைப் பலகையில் 'செல்போன் டாக்டர்' என்று எழுதியிருப்பதால் கடைத்தெருவே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறது; இதை நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னால் வரும். நான் பேசியது இவ்வளவுதான்: "டாக்டர், வால்வு போயிடுச்சு... ஆமா, பெரிய வால்வுதான்... ரொம்பப் பழசாச்சே... கொஞ்ச நாளாவே சூடு ஏறல, உள்ள ஒரு கரகரப்பு இருந்துட்டே இருந்துச்சு... இல்லல்ல, வீட்டுல சொல்லல, சொன்னா பெரிய ரகளையாயிடும்... நீங்க வந்து திறந்து பாருங்க. முடியலைன்னா விட்டுடலாம், என்ன பண்றது, நல்லா வாழ்ந்தாச்சு." இதில் ஏதாவது தவறு உண்டா? ஆனால் சமையலறையில், அக்காவைப் பார்க்க வந்திருந்த என் கொழுந்தியாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் காது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். வாயைப் பற்றியும் தெரியும்.

அவள் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா என்னிடம் கேட்கவில்லை. 'வீட்டுல சொல்லல' என்று நானே சொல்லிவிட்டேனாம், அதனால் எனக்குத் தெரியாமல் அவள் தெரிந்துகொண்டு, அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பில்லை. எழுந்தால், "ஏங்க, நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்." டிவி ரிமோட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். கல்யாணமான புதிதிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த லிஃப்ட் ஜோக்குக்கு, இதுவரை ஒருமுறைகூடச் சிரிக்காதவள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இவளுக்குத்தான் ஏதோ பெரிய வியாதி, நம்மிடம் மறைக்கிறாள் என்று நானும் விட்டுக்கொடுத்துப் போக ஆரம்பித்தேன். காப்பி நானே போட்டேன், பாத்திரம் கழுவினேன், அவளுடைய அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒருவரையொருவர் தாங்கு தாங்கென்று தாங்குவதை வீடியோவில் பார்த்த மகள் மிரண்டு போய்த் துணிப்பெட்டியோடு ஊரிலிருந்து வந்து இறங்கிவிட்டாள்.

இதற்கு நடுவில் அலுவலகம். நான் தண்ணீர் விநியோகத்தில் தெரு வால்வுகளுக்கு மேற்பார்வையாளன் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான்தான் ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன். மறுநாள் ரேடியோக்காரர் வருவதாகச் சொன்னதால் அதிகாரியிடம் போய், "சார், நாளைக்கு லீவு வேணும். வால்வு போயிடுச்சு" என்றேன். "எந்த வால்வு?" என்றார். "பெரிய வால்வு சார், ரொம்பப் பழசு." "எந்தத் தெரு?" "எங்க தெருதான் சார், எங்க வீட்டுலதான்." "எப்பத்துல இருந்து?" "ஞாயித்துக்கிழமையில இருந்து சார்." அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஞாயித்துக்கிழமையில இருந்தா? இவ்வளவு சாவகாசமா வந்து சொல்றீங்க? நீங்க வீட்டுக்குப் போங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். இந்த மனிதருக்குள் இப்படி ஒரு சங்கீத ரசிகர் ஒளிந்திருக்கிறாரே, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் நம் வாசலில் கடப்பாரை, மண்வெட்டி சகிதம் என்னுடைய ஆட்களே தெருவைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தெரு முழுக்கத் தண்ணீரை நிறுத்தியாயிற்று. நான் லுங்கியோடு ஓடிப்போய், "யாருப்பா தோண்டச் சொன்னது?" என்றால், "நீங்கதான் சார்" என்கிறான் மேஸ்திரி. "நான் சொன்ன வால்வு இது இல்லப்பா" என்றால், "அப்ப எதிர்ப்பக்கத்தையும் தோண்டிடவா சார்?" என்கிறான். நான் குழிக்குள் இறங்கி அவர்களோடு மல்லுக்கு நிற்கும்போது, தெருமுனையில் மாமனார், மச்சான், கொழுந்தியாள், அவள் வீட்டுக்காரர் எல்லோரும் பை பையாக ஆப்பிளோடு இறங்குகிறார்கள். குழிக்குள் நின்ற என்னை யாரும் பார்க்கவில்லை. மாமனார் குழியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை.

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை, மகள் நடித்துக் காட்டியது. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் ரேடியோக்காரரை முன்பு பார்த்ததில்லை. ரேடியோக்காரர் வெள்ளைச் சட்டையில், கையில் கருவிப் பையும் கழுத்தில் ஹெட்போன் வயருமாக உள்ளே நுழைந்திருக்கிறார். "டாக்டர் வந்துட்டார்" என்று மகளே சொல்லிவிட்டாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர், எதையும் மறைக்காம சொல்லுங்க, நாங்க தாங்கிக்குவோம்" என்றாள். அவருக்கு இப்படி ஒரு வரவேற்பு எந்த வீட்டிலும் கிடைத்ததில்லை போலிருக்கிறது, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "போன்ல கேட்டதை வெச்சே சொல்லிடலாம்மா. அது அந்தக் காலத்து உருப்படி. பெரிய வால்வு ரெண்டும் ஜோடி, ஒண்ணு போனா இன்னொண்ணு தனியா தாங்காது. மாத்தணும்னா ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்தணும், இங்க கிடைக்கறதில்ல. வீணா எதுக்கு அலைச்சல்? பேசாம தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு பார்த்துக்கங்க. இப்பல்லாம் சின்னதா, லேசா, சூடே ஆகாம வருது. ஒரு மூலையில வெச்சிட்டீங்கன்னா இருக்கற இடமே தெரியாது" என்றிருக்கிறார். மச்சான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். கொழுந்தியாள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். மாமனார் மட்டும், "எங்கே கிடைக்குமாம்?" என்று கேட்டதாக மகள் சொல்கிறாள். அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

அந்தச் சமயத்தில்தான் நான் முழங்கால் வரை சேறோடு உள்ளே வந்தேன். "ஐயோ, நீங்க ஏன் நடக்கறீங்க!" என்று மனைவி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு என்னம்மா பண்ணுது, என்கிட்டயாவது சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் இப்படியே ஓடியது. பிறகு ரேடியோக்காரர் மச்சானின் பிடியிலிருந்தபடியே, பெட்டியைக் கைநீட்டிக் காட்டி, "நான் அதைச் சொன்னேங்க" என்றார். வெளியே கடப்பாரைச் சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதாள். "இதுக்கா நான் இத்தனை நாளா உப்பில்லாம சமைச்சேன்? இதுக்கா அந்த லிஃப்ட் ஜோக்குக்குச் சிரிச்சேன்?" என்றாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வீட்டில் தண்ணீர் இல்லை. தெருவிலேயே இல்லை. ஓர் ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தேன்.

அப்புறம் தீர்ப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரேடியோக்காரர் ஆட்டோவோடு வருவார், பெட்டி போய்விட வேண்டும். நானும் சரி என்றுவிட்டேன். எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? தெரு, அலுவலகம், மாமனார் வீடு என்று எல்லா இடத்திலும் வால்வு என்ற ஒரே வார்த்தையால் என் மானம் சந்தி சிரித்துவிட்டது. கொழுந்தியாள் அன்று ஆப்பிளோடு கிளம்பும்போதே அண்ணிக்கும் சொல்லியிருந்தாள் என்பது உங்கள் போன் வந்த பிறகுதான் தெரிந்தது. சொல்லும்போது 'வால்வு' என்றதை 'ரெண்டு வால்வு' என்று ஆக்கியிருக்கிறாள்.

ஆகவே அண்ணா, ஒன்றும் பதறவேண்டாம். நீங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையை மூடிவிட்டு, கடல் தாண்டி வருமளவுக்கு இங்கே எதுவும் ஆகிவிடவில்லை. 'அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன்' என்று நீங்கள் ஒவ்வொரு வருஷமும் சொல்லும்போதும் நான் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. கடை என்றால் அப்படித்தான். நீங்கள் அனுப்பும் சட்டைகள் வந்து சேருகின்றன. கடைசியாகப் பார்த்தபோது எனக்கிருந்த அளவிலேயே இன்னமும் அனுப்புகிறீர்கள், ஒன்றும் பொத்தான் போட வரவில்லை, ஆனால் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை. வீடியோவில் பேசும்போது உங்களுக்குப் பின்னால் கடைச் சுவரில் கிட்டார் தொங்குவது தெரிகிறது. கம்பியில் துரு ஏறியிருக்கிறது, துடைக்கச் சொல்லவும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பாதி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கிறேன். காது நன்றாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் போடுவதுகூட வாசிப்பதற்காக மட்டும் அல்ல. அந்த முனகல் வந்ததும் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். உங்களைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது, அதற்காகப் பொய்க் காரணத்தில் வரவழைப்பது முறையில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடவும்.

அண்ணிக்கு என் வணக்கத்தையும், நான் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்ற செய்தியையும் சொல்லவும். பிள்ளைகள் நல்ல கண்பார்வையோடும் கடை நல்ல வியாபாரத்தோடும் நீடூழி இருக்க இங்கிருந்தே வேண்டுகிறேன். இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கும் என்பதை மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
பூரண நலத்தோடிருக்கும் தம்பி

பின்குறிப்பு: மகள் படமெடுக்கும் முன் என் மனைவி இதை வாங்கிப் படித்தாள். பிறகு, "உங்க அண்ணன் டிக்கெட் போட்டுட்டேன்னு சொன்னது இப்பதான். இத்தனை வருஷத்துல இப்பதான். அதை நிறுத்தச் சொல்லி இவ்வளவு பக்கம் எழுதியிருக்கீங்களே, உங்களுக்கு உண்மையிலேயே ஏதோ போயிடுச்சுங்க" என்றாள். "பெட்டியைத் தூக்கணும்னாலும் அவர் வந்து ஒரு பக்கம் பிடிச்சாத்தானே ஆகும்? அதுவரைக்கும் கிடக்கட்டும்" என்றும் சொன்னாள். ரேடியோக்காரருக்கு அவளே போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்று குழம்பில் உப்பு இருந்தது.

எனவே மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடுங்கள். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். அண்ணியிடம் மட்டும் உண்மையைச் சொல்லி அழுகையை நிறுத்துங்கள். மற்றபடி கடையை ஏன் மூடுகிறீர்கள் என்று யார் கேட்டாலும், தம்பி வீட்டில் வால்வு போய்விட்டது என்று சொல்லுங்கள், அதில் பொய் இல்லை. உங்கள் ஊரில் பழைய வானொலிச் சாமான் விற்கிற கடை உண்டு என்று முன்பு சொன்னீர்கள். வால்வின் அடிப்பக்கத்து எழுத்தை மகள் தனியாகப் படமெடுத்து அனுப்புகிறாள். ஜோடியாகவே வாங்க வேண்டும், தனி ஒன்று ஆகாது. பெட்டியில் வயர் செருக இரண்டு துளை இருக்குமே, மேலே இருப்பது உங்களுடையது. தூசி போகக் கூடாது என்று நீங்கள் போன அன்று துணி சுருட்டி அடைத்தேன், இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்கள் வந்து எடுங்கள். கிட்டாரோடு வயரும் மறக்காமல் கொண்டு வாருங்கள் அண்ணா, இங்கே ஒன்றுதான் இருக்கிறது.